சுமை தூக்குகிறவர் வேலையே செய்யவில்லையாம்

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து ‘வேலை, ஆற்றல், திறன்’ பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் இருந்த வினாத் தொகுப்பில் முதல் பக்கத்திலேயே அந்தப் பழைய கேள்வி: தலையில் மூட்டையோடு சமதரையில் நடக்கும் தொழிலாளி செய்யும் வேலை எவ்வளவு? கீழே நான்கு விடைகள். அவள் யோசிக்கவே இல்லை. ‘சுழி’ என்பதில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

“எப்படிச் சுழி?” என்றேன்.

“விசை மேல் பக்கம், இடப்பெயர்ச்சி பக்கவாட்டுல. நடுவுல தொண்ணூறு டிகிரி. காஸ் தொண்ணூறு சுழி.”

“அப்ப அந்த ஆளுக்கு ஏன் வேர்க்குது?”

“அதெல்லாம் கேக்காதீங்க மாமா. பரீட்சைக்கு சுழிதான்.”

இந்தப் பதில் என்னை இரண்டு நாள் தொந்தரவு செய்தது. நான் படித்த காலத்தில் இதே கேள்வியை வகுப்பில் கேட்டேன்; “இயற்பியல்ல வேலைன்னா அது வேறடா” என்று பதில் வந்தது, வகுப்பு சிரித்தது, உட்கார்ந்துவிட்டேன். எனக்காவது கேட்கத் தோன்றியது. இவள் கேட்கக்கூடாது என்பதையே பாடத்தோடு சேர்த்துப் படித்திருக்கிறாள். பாடத்தில் எங்கே கோளாறு என்று தேடிப் பார்த்ததன் குறிப்புகள்தான் இவை. நான் ஆசிரியர் இல்லை. இயற்பியல் இளங்கலை படித்துவிட்டு வேறு பிழைப்புக்குப் போனவன். ஆனால் இந்த ஒரு பாடத்தின் மீது எனக்குப் பழைய வழக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

முதலில் கணக்கு சரிதான் என்பதை ஒப்புக்கொண்டுவிடுவோம். 20 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்துக்கு, அதாவது தலைக்கு ஏற்றினால், 20 × 9.8 × 1.7, ஏறக்குறைய 333 ஜூல். 100 மீட்டர் நடக்கிறார், மூட்டையின் உயரம் மாறவில்லை, வேகமும் மாறவில்லை, எனவே மூட்டையின் ஆற்றலில் கூடியதும் இல்லை குறைந்ததும் இல்லை. பிறகு இறக்கி வைக்கிறார், மைனஸ் 333. ஆக மொத்தம் சுழி. இந்தக் கணக்கைப் பார்த்தால் நடந்ததை விடுங்கள், தூக்கியதுகூட வீண்தான்! மூட்டை மறுபடி தரையில்தான் இருக்கிறது.

இந்த 333 ஜூல் எவ்வளவு சின்னது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பூன் சர்க்கரை, 4 கிராம் என்று வையுங்கள், அதில் சுமார் 16 கிலோகலோரி. ஜூலில் சொன்னால் ஏறக்குறைய 67,000. அதாவது டீயில் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரையில், கணக்குப்படி, அந்த மூட்டையை 200 தடவை தலைக்கு ஏற்றலாம். 200 மூட்டை தூக்கியவரிடம் போய் “ஒரு ஸ்பூன் சர்க்கரை போதும்ல?” என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

மிச்சம் எங்கே போகிறது? தசைக்குள் போகிறது. தசை நார்களில் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் பக்கத்து இழையைப் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு செலவாகும். கை அசையாமல் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் இந்தப் பிடி-இழு-விடு நிற்காது. செலவு அத்தனையும் வெப்பமாகப் போகும்; அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் வேர்வை. தசை நன்றாக வேலை செய்யும்போதும் செலவழித்த ஆற்றலில் சுமார் கால் பங்குதான் வெளியே வேலையாக வரும். இது போக, நடக்கும் மனிதனின் உடல் ஒவ்வொரு அடிக்கும் சில சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. தலையில் மூட்டை இருந்தால் அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும். ஏறும்போது கொடுத்ததை இறங்கும்போது முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்ள உடம்பில் வசதி இல்லை.

மேசை மேல் அதே மூட்டையை வைத்தால் மேசைக்கு ஒரு செலவும் கிடையாது. இங்கே பிள்ளைகள் சரியாகவே குழம்புகிறார்கள்: மேசையும் தாங்குது, மனுஷனும் தாங்குறான், ஏன் ஒருத்தருக்கு மட்டும் செலவு? இதற்கு நல்ல உவமை பழைய இரும்புக் கிடங்கில் இருக்கிறது. கிரேனில் தொங்கும் மின்காந்தம் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க மின்சாரம் வேண்டும்; அது முழுக்கக் கம்பிச் சுருளைச் சூடாக்கத்தான் போகிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் நிலைக்காந்தத்துக்கு எதுவும் வேண்டாம். மேசை நிலைக்காந்தம் மாதிரி, தசை மின்காந்தம் மாதிரி. இல்லை, டிரோனை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது கல்யாண வீடுகளில் எல்லாக் குழந்தைகளும் பார்க்கிறார்கள். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும் டிரோனின் மீது செய்யப்படும் வேலை சுழி. ஆனால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அது காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. டிரோனுக்குச் சுழி, காற்றுக்குச் சுழி இல்லை.

இதை இரண்டு பத்தியில் சொல்லிவிட்டால் சுழி என்ற விடைக்கும் வேர்வைக்கும் சண்டையே இல்லை. சண்டை கேள்வியின் சொற்களில்தான் இருக்கிறது. ‘தொழிலாளி செய்யும் வேலை’ என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது ‘மூட்டையின் மீது செய்யப்பட்ட வேலை’. எதன் மீது என்பதை விட்டுவிட்டதால் பழி அந்த மனிதன் மேல் போய் விழுகிறது.

இதில் ஒரு வரலாற்றுக் குசும்பும் உண்டு. ‘வேலை’ என்ற அளவு இயற்பியலுக்குள் வந்ததே உடல் உழைப்புக்கும் இயந்திரத்துக்கும் விலை பேசும் இடத்திலிருந்துதான். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்க வேண்டும். குதிரை வைத்து இறைப்பதா, நீராவி இயந்திரம் வைத்து இறைப்பதா? எவ்வளவு எடைத் தண்ணீர், எத்தனை அடி உயரம் என்று பெருக்கிப் பார்த்தார்கள். வாட் குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று கணக்கு வைத்தது இப்படித்தான். பிரான்சில் கூலும், மின்னூட்ட விதிக்காக நாம் படிக்கும் அதே கூலும், மனிதர்கள் ஒரு நாளில் எவ்வளவு உழைக்க முடியும் என்று ஆராய்ந்து எழுதினார். படியேறிச் சுமப்பவர்கள், சமதரையில் சுமப்பவர்கள், தள்ளுவண்டி தள்ளுபவர்கள் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தவர் அவர். சமதரையில் சுமப்பதும் களைப்புத் தரும் உழைப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 1829-ல் கொரியோலிஸ் இயந்திரங்களைப் பற்றிய தன் புத்தகத்தில் விசையையும் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவதற்கு பிரெஞ்சில் ‘வேலை’ என்று பொருள்படும் சொல்லையே பெயராக வைத்தார். அதே காலத்தில் போன்ஸ்லேயும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். இயக்க ஆற்றலில் வரும் அந்த ‘அரை’, அரை எம் வி ஸ்கொயரின் அரை, அதுவும் வேலையோடு ஒத்துப்போக வேண்டும் என்று கொரியோலிஸ் போட்டதுதான். அதற்கு முன் எம் வி ஸ்கொயர் என்று முழுசாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆக இது வாங்குகிறவன் பக்கத்துக் கணக்கு. கிணற்றில் ஏற்றம் இறைத்தவருக்கு எத்தனை சால் மேலே வந்தது என்று எண்ணிக் கூலி கொடுப்பது மாதிரி. இறைத்தவர் எவ்வளவு களைத்தார் என்பது அந்தக் கணக்கில் எப்போதுமே கிடையாது. கணக்கு எதற்காகப் போட்டது என்பதை மறைத்துவிட்டு, இருநூறு வருஷம் கழித்து அதே கணக்கை வைத்து “நீ வேலையே செய்யலை” என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. ஒரு வகுப்பில் சுமை தூக்குகிறவர் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும், இல்லீங்களா?

சரி, ஒரு கேள்வியின் வாசகம்தானே, திருத்திவிட்டால் போச்சு என்று நினைத்துத்தான் நானும் அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே இதைவிடப் பெரிய வில்லங்கம் காத்திருந்தது.

கணக்கு இது: 2 கிலோ கல், 5 மீட்டர் உயர மாடியிலிருந்து விழுகிறது, தரையைத் தொடும்போது வேகம் என்ன? அவள் போட்ட விதத்தை அப்படியே சொல்கிறேன். புவியீர்ப்பு செய்த வேலை 2 × 9.8 × 5, 98 ஜூல். நிலை ஆற்றல் குறைந்தது 98 ஜூல். இரண்டும் சேர்ந்து இயக்க ஆற்றலாக மாறுகிறது, 196 ஜூல். அதிலிருந்து வேகம் நொடிக்கு 14 மீட்டர். சுத்தமாக முழு எண் வேறு வந்துவிட்டது, எனவே சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு திருப்தி. ஒன்பதாம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாட்டை வைத்துப் பார்த்தால் 9.9 மீட்டர்தான் வருகிறது.

“எது தப்புன்னு தெரியல மாமா. ரெண்டுமே புக்ல இருக்கு.”

ரெண்டுமே புக்கில் இருக்கிறது என்பது உண்மை. ‘வேலை = இயக்க ஆற்றலின் மாற்றம்’ ஒரு பக்கத்தில். ‘நிலை ஆற்றல் குறைந்தால் இயக்க ஆற்றல் கூடும்’ நாலு பக்கம் தள்ளி. இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு எழுத்துமுறைகள், ஒன்றை எடுத்தால் மற்றதை எடுக்கக்கூடாது என்று எங்கேயும் அவள் கண்ணில் படும்படி இல்லை.

நான் வீட்டுக் கணக்கை வைத்துச் சொன்னேன். நான் உன் அத்தைக்கு ஜிபேயில் 500 ரூபாய் அனுப்புகிறேன். அத்தை கணக்கை மட்டும் பார்த்தால் வரவு 500. என் கணக்கை மட்டும் பார்த்தால் செலவு 500. வீட்டுக் கணக்கு என்று ஒரே நோட்டு போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை, பணம் வீட்டுக்குள்ளேயே இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அத்தை நோட்டில் வரவு 500 எழுதி, அதோடு ‘மாமா பாக்கெட்டில் குறைந்தது 500’ என்பதையும் கூட்டினால் ஆயிரம் ஆகிவிடும். நீ அதைத்தான் செய்திருக்கிறாய். கல்லை மட்டும் தனி நோட்டில் எழுதினால் பூமி வெளி ஆள்; அது 98 ஜூல் கொடுத்தது, அந்த நோட்டில் நிலை ஆற்றல் என்ற பேச்சே இல்லை. கல்லையும் பூமியையும் சேர்த்து ஒரே நோட்டு போட்டால் வெளியிலிருந்து யாரும் எதுவும் கொடுக்கவில்லை. உள்ளே 98 ஜூல் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறியது.

பாடத்தில் ‘கல்லின் நிலை ஆற்றல்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். கல்லுக்கு மட்டும் அப்படி ஒன்று கிடையாது. பூமி இல்லாத இடத்தில் கல்லை எவ்வளவு உயரத்தில் வைப்பது? உயரம் என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இல்லை. நிலை ஆற்றல் அந்த ஜோடியின் சொத்து. (பெயர் வைத்ததையும் யோசித்துப் பார்க்கலாம். இங்கே ‘நிலை ஆற்றல்’, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘அழுத்த சக்தி’. இரண்டிலுமே அது இரண்டு பேருக்கு இடையில் உள்ள விஷயம் என்ற வாடை இல்லை. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை 1853-ல் ராங்கின் வைத்தார், அதிலும் இல்லை.)

எனக்கு இந்தப் பாடத்தின் மீதுள்ள முக்கியமான குறை இதுதான்: யாருடைய நோட்டு என்று முதலில் கேட்பதே இல்லை. சுமை தூக்குகிறவர் விஷயத்தில் மூட்டையின் நோட்டா, மனிதனின் நோட்டா என்று சொல்லவில்லை. கல் விஷயத்தில் கல்லின் நோட்டா, ஜோடியின் நோட்டா என்று சொல்லவில்லை. சூத்திரம் மட்டும் கையில் இருக்கிறது. சேபேயும் ஷெர்வுட்டும் சேர்ந்து எழுதிய ஒரு கல்லூரிப் பாடநூலில், கணக்குத் தொடங்கும்போதே ‘அமைப்பு எது, சுற்றுப்புறம் எது’ என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார்கள். அதற்கு உயர்ந்த கணிதம் எதுவும் தேவையில்லை. ஒரு கோடு போட்டு உள்ளே, வெளியே என்று பிரிப்பதுதான்.

இயந்திர ஆற்றல் அழிவின்மையை நிரூபிக்கும் முறை மீதும் எனக்கு மனஸ்தாபம் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த படம்: மேலே ஏ, நடுவில் பி, கீழே சி. மூன்று இடத்திலும் கூட்டிப் பார்த்தால் எம்.ஜி.எச். அழகாக வரும், நானும் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் நிரூபித்தது என்ன? இயக்கச் சமன்பாட்டை எடுத்து, இரண்டு பக்கமும் நிறையில் பாதியால் பெருக்கி, பெயர் மாற்றி எழுதியிருக்கிறோம். நேராக விழும் பொருளுக்கு இந்த விதி புதிதாக எதையும் சொல்வதில்லை. இது இல்லாமலே அந்தக் கணக்கைப் போடலாம் என்று பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் இது எதற்கு என்று அவளுக்குத் தோன்றாதா?

விதியின் அருமை வளைந்த பாதையில்தான் தெரியும். கலிலியோ 1638-ல் வந்த ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில் ஒரு சோதனை சொல்கிறார். சுவரில் ஆணி அடித்து நூலில் ஒரு குண்டைத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் இழுத்து விட்டால் மறுபக்கம் அதே உயரத்துக்குப் போகும். இப்போது நூல் செங்குத்தாகத் தொங்கும் கோட்டில், மேல் ஆணிக்குக் கீழே, இன்னொரு ஆணி அடியுங்கள். குண்டு பாதி வழி வந்ததும் நூல் அந்த ஆணியில் இடறும், மீதி வழியைச் சின்ன வட்டத்தில் போகும். எவ்வளவு உயரம் ஏறும்? அதே உயரம்தான். பாதை மாறியது, நேரம் மாறியது, விசையின் திசை நொடிக்கு நொடி மாறியது, உயரம் மாறவில்லை. இதை இயக்கச் சமன்பாட்டில் போடப் போனால் பள்ளி மாணவிக்குக் கண்ணைக் கட்டும். ஆற்றல் கணக்கில் ஒரு வரி. 5 மீட்டர் உயரச் சறுக்குமரம் செங்குத்தாக இருந்தாலும் சாய்வாக இருந்தாலும் பாம்பு மாதிரி வளைந்திருந்தாலும், உராய்வு இல்லையென்றால், அடியில் வேகம் 9.9 மீட்டர்தான். ஏறியவர் குண்டோ ஒல்லியோ கவலையில்லை. இந்த ஆச்சரியத்தை முதல் பக்கத்தில் வைக்காமல், ஆச்சரியமே இல்லாத செங்குத்து வீழ்ச்சியை ‘நிரூபணம்’ என்று வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. அந்த நூல் குண்டை இழுத்துக்கொண்டே இருக்கிறதே, அது ஏன் கணக்கில் வரவில்லை? எப்போதும் பாதைக்குச் செங்குத்தாக இழுப்பதால். காஸ் தொண்ணூறு சுழி. தொண்ணூறு டிகிரிக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் இந்த நூல் இருக்கிறது, சறுக்குமரத்தின் பலகை தள்ளும் விசை இருக்கிறது. அந்தச் சுழியால் இங்கே ஒரு பெரிய கணக்கு ஒரே அடியில் சுருங்கிப் போகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு மூட்டை தூக்குகிறவரைத் தேடிப்போய்ப் பிடித்தது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்தது உராய்வு. இங்கே விவரம் தெரிந்தவர்களே வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

ஒரு பெட்டியைக் கயிறு கட்டிச் சீரான வேகத்தில் 2 மீட்டர் இழுக்கிறோம். கயிறு 10 நியூட்டன், எதிராக உராய்வும் 10 நியூட்டன். கயிறு செய்த வேலை 20 ஜூல், உராய்வு செய்த வேலை மைனஸ் 20, மொத்தம் சுழி, இயக்க ஆற்றல் மாறவில்லை, மதிப்பெண் முழுசு. இப்போது பெட்டியின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்க்கலாம், அது முன்னைவிடக் கொஞ்சமாவது சூடாகியிருக்கும். பெட்டியின் நோட்டில் மொத்த வரவு சுழி என்றால் இந்தச் சூடு யார் கொடுத்தது? தரையிலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது, தரையும் அதே அளவு சூடாகியிருக்கிறது.

ஷெர்வுட் 1983-ல் ஒரு கட்டுரையும், மறு வருஷம் பெர்னார்டுடன் சேர்ந்து இன்னொன்றும், இயற்பியல் ஆசிரியர்கள் படிக்கும் அமெரிக்க இதழில் எழுதினார். அவர்கள் சொன்னது, உராய்வு விசையைப் பெட்டி நகர்ந்த தூரத்தால் பெருக்கி வருவது உராய்வு உண்மையில் செய்த வேலை அல்ல என்பது. பெட்டியின் அடியில் நுண்ணிய மேடுகள் இருக்கின்றன, தரையிலும் இருக்கின்றன. இவை ஒட்டும், வளையும், பிய்த்துக்கொள்ளும். ஒட்டியிருக்கும்போது அந்தத் தொடும் இடம் பெட்டி நகரும் அளவுக்கு நகர்வதில்லை. எனவே விசை செயல்படும் இடத்தின் நகர்வு 2 மீட்டரைவிடக் குறைவு. இரண்டு பரப்பும் ஒரே பொருள், ஒரே மாதிரி என்றால் சரிபாதி: உராய்வு பெட்டியின் மீது செய்த வேலை மைனஸ் 10. கயிறு கொடுத்த 20-ல் 10 பெட்டிக்குள் சூடாகத் தங்கியது, 10 தரைக்குப் போனது. சூட்டுக் கணக்கு இப்போது நேராகிறது.

அப்படியானால் மைனஸ் 20 போட்டு வந்த விடை எப்படிச் சரியாக வந்தது? அது நியூட்டனின் இரண்டாம் விதியை, பெட்டியை ஒரு புள்ளியாக நினைத்து, தூரத்தோடு பெருக்கி எழுதியது. புள்ளியின் வேகத்தை அது சரியாகச் சொல்லும். புள்ளிக்கு உள்ளே எதுவும் கிடையாது, எனவே சூட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெருக்கல் தொகைக்கு ஷெர்வுட்டின் கட்டுரைத் தலைப்பிலேயே வேறு பெயர் இருக்கிறது, தமிழில் ‘போலி வேலை’ என்று சொல்லிக்கொள்ளலாம். விடை போலியில்லை, பெயர்தான் போலி.

துள்ளிக் குதிப்பதில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 50 கிலோ எடையுள்ள பெண் குத்தவைத்த நிலையிலிருந்து எழும்பிக் குதிக்கிறாள். கால் தரையை விடும்வரை அவள் உடலின் நிறைமையம் 0.4 மீட்டர் உயர்ந்தது, தரை சராசரியாக 1000 நியூட்டன் மேல்நோக்கித் தள்ளியது என்று வைத்துக்கொள்வோம். எடை 490. மிச்சம் 510-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 204 ஜூல், அதை வைத்து மேற்கொண்டு 40 சென்டிமீட்டருக்கு மேல் எழும்புவாள் என்று சரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் ‘தரை 400 ஜூல் வேலை செய்தது’ என்று எழுதினால் அது அபத்தம். தரை நகரவே இல்லை. பாதம் தரையைத் தொடும் இடமும் நகரவில்லை. தரை ஒரு ஜூல்கூடக் கொடுக்கவில்லை, எல்லாம் அவள் காலையில் சாப்பிட்ட இட்லி. கார் கிளம்புவதும் அப்படியே. காரை முன்னால் தள்ளும் வெளி விசை சாலையின் உராய்வுதான், சந்தேகமில்லை. ஆற்றலைச் சாலை கொடுத்தது என்றால் நாம் ஏன் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கிறோம்?

வினோதத்தைக் கவனித்தீர்களா? வேர்க்க வேர்க்க நடக்கும் மனிதனுக்குச் சுழி போடும் அதே பாடம், அசையாமல் கிடக்கும் தரைக்கு 400 ஜூல் எழுதிக் கொடுக்கிறது.

“பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் தேவையா, குழப்பிவிடாதீர்கள்” என்று ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னார். பாதி ஒத்துக்கொள்கிறேன். நுண்ணிய மேடுகள் எல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம். நாற்பது நிமிடத்தில் ஐம்பது பிள்ளைகளுக்கு நடத்துகிறவரின் கஷ்டம் எனக்குத் தெரியாததும் இல்லை. ஆனால் ‘ஆற்றல் இழப்பு’ என்று ஒரு சொல்லைச் சர்வ சாதாரணமாகப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் ‘ஆற்றல் அழியாது’ என்று எழுதுவது மட்டும் குழப்பமில்லையா? ஜூல் 1840-களில் எடைக்கற்களை இறங்கவிட்டு, அவை துடுப்பைச் சுழற்றி, தண்ணீரைக் கலக்கி, அந்தத் தண்ணீர் துளி அளவு சூடானதை அளந்தார். இன்றைய கணக்கில் ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ எடை ஏறக்குறைய 427 மீட்டர் இறங்க வேண்டும். இவ்வளவு பெரிய இறக்கத்துக்கு இவ்வளவு சின்னச் சூடு என்பதால்தான் ‘இழப்பு’ நம் கண்ணில் படுவதில்லை. இந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும், பிள்ளை தானே பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்க்கும்.

நான் கேட்பது அதிகமில்லை. ‘எதன் மீது’ என்ற சொல்லை எல்லாக் கேள்வியிலும் போடுங்கள். நிலை ஆற்றலைச் சொல்லும் முதல் வரியிலேயே பூமியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏ-பி-சி படத்துக்கு முன்னால் கலிலியோவின் ஆணியை அடியுங்கள்.

ஆணியை அன்று சாயங்காலமே அடித்துவிட்டோம், அக்காவிடம் சுவருக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு. ஒரு மீட்டர் நூல், முனையில் ஒரு பெரிய நட்டு. அடிப்புள்ளியிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் விட வேண்டும் என்றால் பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். இரண்டாவது ஆணி நூலின் நடுவில். உயரம் மாறாது என்பது சரியாக இருந்தால் மறுபக்கம் 40 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும் என்று அவளே பித்தாகரஸ் போட்டு, சுவரில் பென்சிலால் கோடு கிழித்தாள். நட்டு கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று திரும்பியது.

“கொஞ்சம் கம்மியா இருக்கே மாமா. அந்த மிச்சம் யாரு நோட்டுல போச்சு?”

காத்து, ஆணியில் நூல் உரசினது, நம்ம கை நடுங்கினது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நட்டை இன்னும் நாலைந்து தடவை விட்டுப் பார்த்தாள். பிறகு வினாத் தொகுப்பை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினாள். டிக் அங்கேயேதான் இருந்தது, அதை அவள் மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. பக்கத்தில் சின்னதாகப் பென்சிலில் ‘மூட்டைக்கு மட்டும்’ என்று எழுதிவிட்டு மூடி வைத்தாள்.